பழைய ஸ்ட்ரீட் கிளைடில் ஆம்ப்ளிஃபயர் பொருத்துவதா, ஹெல்மெட் ஒலிபெருக்கியே போதுமா?

கடலோரப்பயணி:
என்னிடம் இருப்பது 2012ஆம் ஆண்டின் ஹார்லி டேவிட்சன் ஸ்ட்ரீட் கிளைடு மோட்டார் சைக்கிள். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் வசிக்கிறோம். வார இறுதிகளில் நெடுஞ்சாலை 1 வழியாகப் பிக் சர் வரையிலும், விடுமுறையில் ஐந்தாம் எண் இன்டர்ஸ்டேட்டில் லாஸ் ஏஞ்சலிஸ் வரையிலும், பெரும்பாலும் மனைவியுடன் செல்வது வழக்கம். வண்டியோடு வந்த 5.25 அங்குல ஒலிபெருக்கிகள் ஊருக்குள் நன்றாகவே ஒலிக்கின்றன. ஆனால் மணிக்கு 65 மைல் வேகத்தைத் தொட்டதும் பாடலின் சொற்கள் காற்றிரைச்சலில் கரைந்துபோக, ஒலியளவைக் கூட்டினால் கரகரப்புதான் மிஞ்சுகிறது. ஆம்ப்ளிஃபயரும் 6.5 அங்குல ஒலிபெருக்கிகளும் பொருத்துவதா, அதே பணத்தில் இருவருக்கும், பாட்டுக் கேட்கவும் ஒருவரோடொருவர் பேசவும் உதவும் ஹெல்மெட் புளூடூத் கருவி வாங்குவதா என்று முடிவெடுக்க உதவுங்கள்.

ஒலிப்பொறியன்:
தயங்காமல் ஆம்ப்ளிஃபயர் பொருத்துங்கள். அந்த ஆண்டின் ரேடியோ ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு பக்க ஒலிபெருக்கிக்கு, ஏறத்தாழ 20 வாட் மட்டுமே தரக்கூடியது. அதன் எல்லையைத் தாண்டி முறுக்கும்போது அலையின் முனைகள் வெட்டுப்பட்டு வருவதுதான் நீங்கள் கேட்கும் கரகரப்பு. பலர் பெட்டியின்மேல் அச்சிட்ட வாட் எண்ணைப் பார்த்தே ஒலிபெருக்கி வாங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது உணர்திறன். ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும் ஒலிபெருக்கியை எடுத்துவிட்டு 93 டெசிபல் தருவதைப் பொருத்தினால், ஆம்ப்ளிஃபயரின் திறனை மூன்று மடங்காக்கியதற்கு ஈடான பலன் கிடைக்கும். திறனை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான் என்பதை நினைவில் வைத்தால் இந்தக் கணக்கு விளங்கும்.

திறந்த வெளியில் கார் அறையைப் போல ஆழ்ந்த ஒலி தங்காது. ஆகவே 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டிவிட்டு, குரலும் வயலினும் வாழும் நடு அலைவரிசைக்கு முழுத் திறனையும் கொடுங்கள். நாதஸ்வரம் கேட்பவர் என்றால் வித்தியாசம் முதல் மைலிலேயே தெரிந்துவிடும்.

அமைதிவழி:
மேலே உள்ள கணக்கு சரி. அதன் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. ஹெல்மெட்டுக்குள் காதருகே பதிவாகும் காற்றிரைச்சல் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஏறத்தாழ 90 டெசிபல், 160 கிலோமீட்டரில் 110 டெசிபல் என்று 1990களில் பிரிட்டனில் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். நம் இன்டர்ஸ்டேட் வேகம் இவ்விரண்டுக்கும் நடுவில் வருகிறது; முகப்புக் காப்பின் உயரத்தையும் ஓட்டுநரின் உயரத்தையும் பொறுத்துச் சற்றுக் குறையலாம், அவ்வளவே. அந்த இரைச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமானால் பாட்டு 100 டெசிபலைத் தாண்டியாக வேண்டும். அமெரிக்கப் பணியிட ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் சொல்கிறது. 100 டெசிபலுக்கு வந்தால் மிஞ்சுவது 15 நிமிடம். லாஸ் ஏஞ்சலிஸ் செல்ல எத்தனை மணி நேரம் ஆகும்?

இரைச்சலோடு போட்டியிடும் கருவியை வாங்குவதைவிட இரைச்சலையே குறைப்பதுதான் அறிவுடைமை. காதடைப்பான் அணிந்து, அதன் வழியே ஹெல்மெட் ஒலிபெருக்கியைக் கேளுங்கள். காற்றும் பாட்டும் ஒரே அளவில் தணிவதால் இரண்டுக்குமான இடைவெளி மாறாது. செவி மட்டும் காப்பாற்றப்படும்.

ஒலிப்பொறியன்:
காதடைப்பான் எல்லா அலைவரிசையையும் ஒரே அளவில் தணிப்பதில்லை. சாதாரண நுரை அடைப்பான் உயர் அலைவரிசையைக் கூடுதலாக விழுங்கிவிடும். காற்றிரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த அலைவரிசையில் இருப்பதால், பாடலின் தெளிவுதான் முதலில் பறிபோகும். ஹெல்மெட்டில் வைக்கும் 40 மில்லிமீட்டர் ஒலிபெருக்கி காதுத் துளைக்கு நேராக அமையாமல் ஒரு விரற்கடை விலகினாலும் ஒலி மெலிந்துவிடுகிறது. தவிர, கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 27400ஆம் பிரிவு, இரு காதுகளையும் மூடும் ஒலிக்கருவியோடு வண்டி ஓட்டுவதைத் தடை செய்கிறது.

அமைதிவழி:
அதே பிரிவு, ஆம்புலன்ஸின் ஒலியும் ஹாரனும் கேட்பதைத் தடுக்காத செவிக்காப்புக் கருவிகளுக்கு விலக்கு அளிக்கிறது. எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய சமமாகத் தணிக்கும் வடிகட்டி அடைப்பான்கள் கடைகளில் கிடைக்கும்போது, நுரை அடைப்பானை எடுத்துக்காட்டி வாதிடுவது பொருந்தாது. ஹெல்மெட்டின் உள்மெத்தையில் பதித்த ஒலிபெருக்கி காதின்மேல் அமர்வதில்லை என்பது என் வாசிப்பு. சட்டம் என்று பேசத் தொடங்கினால் 27007ஆம் பிரிவையும் படியுங்கள்: வண்டியின் ஒலியமைப்பு 50 அடிக்கு அப்பால் கேட்குமானால் அதுவே மீறல். உங்கள் ஆம்ப்ளிஃபயரோடு சிவப்பு விளக்கில் நிற்பவர் ஒலியைக் குறைக்க மறந்தால் அங்கேயே குற்றவாளி.

பின்னிருக்கைக்காரி:
ஓட்டுபவரின் காதைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். நான் பல ஆண்டுகளாகப் பின்னிருக்கையில் பயணம் செய்பவள். பேட்விங் என்னும் வௌவால் இறகு வடிவ முன்காப்பு முகப்பிலிருந்து வரும் ஒலிக்கும் எனக்கும் நடுவில் என் கணவரின் முதுகு இருக்கிறது. அவர் ரசிக்கும் பாடல் எனக்கு வெறும் முணுமுணுப்பாகவே வந்து சேர்கிறது. எனக்கும் கேட்க வேண்டுமானால் பக்கப் பெட்டிகளின் மூடியில் இன்னோர் இணை ஒலிபெருக்கி வேண்டும். ஸ்ட்ரீட் கிளைடில் பின்னிருக்கைக்குப் பின்னால் வரும் டூர் பேக் பெட்டி இல்லாததால் வேறு வழியில்லை. அதற்கு இன்னும் இரண்டு சேனல், இன்னும் கம்பி, இன்னும் பணம். தண்ணீர் வேண்டும், கால் மரத்துவிட்டது, பின்னால் ஒரு லாரி நெருங்குகிறது என்று சொல்வதற்கு எந்த ஆம்ப்ளிஃபயரும் உதவாது. இருவர் பயணம் என்றால் பேசும் வசதிதான் முதல் தேவை, பாட்டு அதற்குப் பிறகு.

ஒலிப்பொறியன்:
அம்மையாரின் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவர் தனியாகவும் செல்கிறார். காதை மூடாத அரைத்தலை ஹெல்மெட் அணிபவராக இருந்தால் ஹெல்மெட் ஒலிபெருக்கியால் பெரிய பயன் இராது.

பொருத்துவது என்று முடிவானால் மின்சாரக் கணக்கைப் பாருங்கள். உங்கள் வண்டியின் மின்னேற்ற அமைப்பு 50 ஆம்பியர். 13 வோல்ட்டில் 650 வாட். அதிலிருந்தே விளக்குகளும் எரிபொருள் பம்பும் இயங்க வேண்டும், அதுவும் எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் முழு அளவு கிடைக்கும். ஆகையால் மின்சாரத்தை அதிகம் வீணாக்காத டி வகுப்பு ஆம்ப்ளிஃபயரைத் தவிர வேறெதையும் எண்ணாதீர்கள். பெட்டியில் 800 வாட் என்று எழுதியிருந்தால் ஃபியூஸைப் பாருங்கள்: 25 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் உள்ளே செல்வதே 325 வாட்தான். கம்பியை இருக்கைக்கு அடியிலுள்ள பேட்டரியிலிருந்து நேரடியாக இழுத்து, பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வையுங்கள். பெட்ரோல் டேங்கின் அடியில் செல்லும் கம்பிக்கு வெப்பம் தாங்கும் உறை போடுங்கள். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, அது திரும்பும் கழுத்துப் பகுதியில் கம்பி எங்கும் நசுங்கவில்லை என்று உறுதி செய்த பிறகே முகப்பை மூடுங்கள். பேட்விங் முகப்பு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்புவது; அங்கே ஏறும் ஒவ்வொரு கிலோவும் உங்கள் கையில் தெரியும். எடை குறைந்த நியோடிமியம் காந்தம் உள்ள ஒலிபெருக்கியைப் பரிந்துரைப்பது அதனால்தான்.

அமைதிவழி:
ஃபியூஸ் பற்றிய அறிவுரை யாவருக்கும் பயன்படும். எனினும் ஒன்று விடுபட்டுவிட்டது. காற்றுத்தடுப்புக் கண்ணாடியின் விளிம்பு ஓட்டுநரின் ஹெல்மெட்டை நோக்கியே காற்றைக் கிளப்பிவிட்டால், எந்த ஒலியமைப்பும் தோற்கும். ஸ்ட்ரீட் கிளைடில் வரும் குட்டையான கண்ணாடி பார்க்க அழகானது. தலையைக் காப்பதற்கு ஆனதல்ல. சற்று உயரமான, மேல்நுனி வெளிப்புறம் வளைந்த கண்ணாடி ஓர் ஆம்ப்ளிஃபயரைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும். அதை மாற்றிவிட்டு, இப்போதுள்ள ஒலிபெருக்கியிலேயே ஒருமுறை 65 மைலில் கேட்டுப் பாருங்கள்.

கடலோரப்பயணி:
அனைவருக்கும் நன்றி. முதலில் கண்ணாடியை மாற்றுகிறேன். மனைவிக்கும் எனக்கும் ஹெல்மெட் கருவிகளை வாங்கிவிடுகிறேன். பின்னிருக்கைக்காரி அவர்களின் பதிலை என் மனைவியே படித்துவிட்டார், இனி அதில் விவாதத்துக்கு இடமில்லை. தனிப் பயணத்துக்காக உணர்திறன் மிகுந்த முன் ஒலிபெருக்கிகளையும் சிறிய இரு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் குளிர்காலத்தில் பொருத்த எண்ணுகிறேன்.

அமைதிவழி:
பொருத்துங்கள். ஆனால் அந்த ஆம்ப்ளிஃபயரை முழுத் திறனில் கேட்கும் நாள்களில் காதடைப்பான் இல்லாமல் புறப்படாதீர்கள். இழந்த கேள்விப்புலனை மீட்டுத் தரும் சிகிச்சை இல்லை.

ஒலிப்பொறியன்:
இதில் எனக்கும் மறுப்பில்லை. வடிகட்டி அடைப்பான் அணிந்த நிலையில்தான், ஒவ்வோர் அலைவரிசையையும் தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைச் சரிசெய்ய வேண்டும். 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை சிறிது கூட்டினால் பாடலின் சொற்கள் திரும்பி வரும்.