மறு: ‘லெஸ் டெட்’ – துலக்காச் சாவு என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

> ‘குறைமரணம்’ அல்லது ‘கேட்பாரற்ற சாவு’. ஏதாவது ஒன்று முடிவானால் நாவலின் அருஞ்சொல் பட்டியலை அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

தம்பி, ‘லெஸ் டெட்’ (less dead) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் குறைமரணம் வேண்டாம். குறைப்பிரசவம் மாதிரி ஏதோ மருத்துவச் சொல்லாகக் காதில் விழுகிறது.

கேட்பாரற்ற சாவு நல்ல தமிழ்தான். ஆனால் பழி செத்தவர் வீட்டுப் பக்கம் போய்விடுகிறது. பாலியல் தொழிலாளர், வீடற்றோர், பிழைக்க வந்தோர், சிறுபான்மையினர் கொல்லப்பட்டால் போலீசும் ஊரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று காட்டத்தான் அமெரிக்கக் குற்றவியலாளர் ஸ்டீவன் எக்கர் ‘லெஸ் டெட்’ என்ற சொல்லை உண்டாக்கினார். அவர்களுக்கு ஆள் இல்லை என்பது அதன் பொருளல்ல. லண்டனில் 1993-இல் இனவெறியர்கள் குத்திக் கொன்ற கறுப்பின இளைஞர் ஸ்டீவன் லாரன்சுக்காக அவருடைய அம்மாவும் அப்பாவும் ஓயாமல் கேட்டார்கள். அந்நகரப் போலீஸ் அமைப்புக்குள்ளேயே இனப்பாகுபாடு ஊறியிருக்கிறது என்று 1999-இல் அரசு விசாரணையின் மெக்ஃபர்சன் அறிக்கை சொல்லியும், கொலைக்காக இருவர் தண்டனை பெற 2012 ஆகிவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? 2015-இல் சாதிவெறியர்கள் கொன்று பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் போட்ட தலித் இளைஞர் கோகுல்ராஜின் அம்மா எத்தனை ஆண்டு நீதிமன்றப் படியேறினார் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

உங்கள் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தையே பாருங்கள். திருப்பூர் பனியன் கம்பெனி விடுதியில் ஒடிசாப் பெண் இறந்து கிடக்கிறாள். நூல் வெட்டும் கத்தரி இன்னும் அவள் விரலில் மாட்டியிருக்கிறது. ஏட்டு அதைக் குனிந்துகூடப் பார்க்காமல், “இந்திக்காரப் புள்ளதானுங்க சார், ஏதாச்சும் லவ் மேட்டரா இருக்குமுங்க” என்கிறார். எஸ்.ஐ. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவில் (இப்போது அதற்குப் பதிலாக வந்த சட்டத்தில் 194) சந்தேக மரணம் என்று பதிந்து, வயிற்றுவலி என எழுதிக் கோப்பை மூடுகிறார். அந்த வயிற்றுவலியைப் படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துப்போனது. இளம்பெண் சாவு என்றாலே தீராத வயிற்றுவலி என்று எத்தனை செய்திகளில் படித்திருக்கிறோம்! ஒரே வரியில் அவள் மொழியும் பாலினமும் சேர்ந்து வழக்கை முடித்துவிடுகின்றன. அவள் அக்கா ஒடியாவில் கதறிக் கேட்கத்தான் செய்கிறாள்.

அதனால்தான் ‘துலக்காச் சாவு’ என்கிறேன். துப்புத் துலக்குவது நம் துப்பறியும் கதைகளில் புழங்கித் தேய்ந்த சொல், வாசகருக்கு விளக்கவே வேண்டாம். நம் குழுவின் கோவை அக்கா முன்பு எழுதிய ‘துலங்காச் சாவு’ இதற்குச் சரிவராது. எவ்வளவு முயன்றும் விளங்காத மர்மத்துக்கு அது பொருந்தும். துலக்கா என்றால், துலக்க வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார், அவர் துலக்கவில்லை. குற்றம் யார் தலையில் என்பதை அந்த வல்லின ‘க்’ சொல்லிவிடுகிறது.

ஆளைக் குறிக்கும் இடங்களில் ‘துலக்காச் சாவுக்கு ஆளானவர்’ என்று எழுதலாம், நீளம்தான். ஈரோட்டு ஐயா இதைவிடச் சுருக்கமாக ஏதாவது தருவாரா? சந்தி ‘ச்’ மட்டும் விட்டுவிடாதீர்கள் தம்பி.