தராசும் செக்ரோல் வரவேடும் பெண் கைக்கு வந்தபோது: இலங்கை மலையகத் தேயிலைத் தோட்ட அனுபவங்கள்

லிந்துலை மகள்:
கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எடையில் கழிவு வெட்டுவதைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்த புதிதில், மத்தியான நிறுவைக்குத் தராசருகே நின்ற நான், ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று வழக்கமாகக் கழிக்கும் கிலோவைக் குறைத்தே எழுத நினைத்திருந்தேன். என் தாயின் வயதுள்ள ஒருவர் தமது கொழுந்தைத் தராசிலிருந்து இறக்கி, "நீ எழுதாத புள்ள, ஐயா வரட்டும்" என்று ஓரமாக வைத்தார். பின்னால் நின்ற பெண்களும் ஒவ்வொருவராக அப்படியே செய்தார்கள். அந்த ஐயா என்னைவிட இளையவர். எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர். அவர் வந்து வழக்கமான கழிவையே வெட்டினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தோட்ட நிருவாகியான துரை என்னை மறுத்திருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

மஸ்கெலியாக்காரன்:
மேலே எழுதிய சகோதரி அந்தப் பெண்கள்மீது வருத்தப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1984ஆம் ஆண்டில் தோட்டங்களில் கூலி சமமாக்கப்படும்வரை, ஒரு நாள் வேலைக்கு ஆணுக்குக் கிடைத்தது பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. சமமான பிறகும் பல குடும்பங்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவரே வாங்கினார். என் தாயார் தமது சம்பளத்தைத் தாமே வாங்குவதற்காக முதன்முறை மேசைக்குப் போனபோது, கிளாக்கர் தலை நிமிராமல் "ஒம் புருசன் எங்க?" என்று கேட்டாராம். "மலையில கொழுந்து எடுக்கயில அவரத் தேடலியே, இப்ப மட்டும் எதுக்கு?" என்றார் அம்மா. வரிசையே சிரித்தது, சம்பளமும் கைக்கு வந்தது. அவருக்கே அந்தத் துணிவு வரப் பல வருடங்கள் பிடித்தன என்றால், புதிதாக வந்த உங்களை ஒரே நாளில் எப்படி நம்புவார்கள்? 2021இல் வந்த ஆயிரம் ரூபாய் நாட்கூலியும் இருபாலாருக்கும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்குப் போகும் ஆண் தனக்குரிய வேலைக் கணக்கை முடித்துவிட்டுப் பகலிலேயே வீடு திரும்புவதும், பெண் மாலை நிறுவைவரை மலையில் நிற்பதும் ஒரே 'பேர்', அதாவது ஒரு நாள் வேலை, என்றே எழுதப்படுகின்றன.

பதுளை ஆசிரியை:
தனியார் நிறுவனமொன்றின் நேர்முகத் தேர்வில் என் பட்டத்தைப் பற்றி எதுவும் கேட்காமல், கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். அவ்வளவுதான் என் கதை. இதை வாசிக்கும் தங்கைகளுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். நியமனக் கடிதத்தை எழுத்தில் வாங்காமல் எந்த வேலையிலும் சேராதீர்கள். மகப்பேற்று விடுமுறை 84 நாள். மூன்றாவது பிள்ளைக்குப் பாதி நாள்தான் என்று இன்னும் சொல்லும் நிருவாகங்கள் இருந்தால், 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த வேறுபாடு இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். குழந்தைக்கு ஒரு வயது நிறையும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் தூரத்தில் இருக்கிறது என்பது அதை மறுக்கக் காரணமாகாது. முறைப்பாட்டைத் தொழிற்சங்கத் தலைவரிடம் வாயால் சொல்லிவிட்டுக் காத்திருக்காமல், தொழில் திணைக்களத்தின் உப அலுவலகத்துக்கு எழுதி, பிரதியொன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

லிந்துலை மகள்:
ஆசிரியை அவர்களுக்கு நன்றி. எனக்கு இன்னும் திருமணமே ஆகவில்லை. மஸ்கெலியாச் சகோதரருக்கு ஒன்று: நான் நம்பிக்கையைக் கேட்கவில்லை, குறைவாகக் கழித்தாலும் நான் எழுதக்கூடாதா என்றே கேட்கிறேன்.

பொகவந்தலாவைக் கங்காணி:
பெண்கள் மட்டுமா அப்படி? வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி வேலை எனக்குக் கிடைத்தபோது கொழுந்து எடுக்கும் பெண்கள் எவரும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்தவர் என் வீட்டுக்காரர்தான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நான் பெயர் கூப்பிட, அவர் "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். ஒரு காலை அவர் பெயரை இரண்டாம் முறையும் கூப்பிட்டேன். வரிசையில் நின்றுகொண்டே அவர் பதில் சொல்லவில்லை, எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் செக்ரோலில் அவரை வரவில்லை என்றே குறித்தேன். அன்று போன கூலி எங்கள் வீட்டுக் கூலிதான். 2024இல் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானபோது, எங்கள் லயக் குடியிருப்பில் முதலில் பட்டாசு கொளுத்தியவரும் இதே மனிதர். இப்போது தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, அங்கே ஓர் ஆண் கங்காணியிடம் கவ்வாத்து வெட்டுகிறார்.