பாங்காக்: அரண்மனை வாசலில் உங்களையும் ஒருத்தர் நிறுத்தினாரா?

வைகைக்கரை:

"இன்னைக்கு அரண்மனை மூடியிருக்கு"ன்னு சொல்லி ஏமாத்துற ஆளைப் பத்தி எல்லாரும் படிச்சிருப்பீங்க. நானும் படிச்சிருந்தேன். படிச்சிருந்தும் அவர் சொன்ன வண்டியில ஏறினேன். அது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

அப்பா, அம்மா, நான். பாங்காக்ல மூணாவது நாள். டாக்ஸிக்கு எவ்வளவு, தண்ணிக்கு எவ்வளவுன்னு அப்பா ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டே வந்தாரு. அன்னைக்குக் காலையில டாக்ஸிக்கு 180 பாட் ஆச்சு. சீட்டுல எழுதிட்டு என்னைப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல.

அரண்மனையோட வெள்ளைச் சுவர் ஓரமா நடக்கும்போது ஒருத்தர் வந்தாரு. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துல அடையாள அட்டை. இந்தியாவான்னு கேட்டாரு, புத்தகயா வந்திருக்கேன்னாரு. "இப்ப உள்ள பூஜை, வெளிநாட்டுக்காரங்களுக்கு 1 மணிக்குத்தான் திறப்பாங்க. அதுக்குள்ள மூணு கோயில் பாத்துடலாம், டுக்டுக் 20 பாட்." ஆளுக்கு 20 இல்ல, மூணு பேருக்கும் சேர்த்து 20. அப்பா முகம் மலர்ந்து போச்சு. எனக்கு விஷயம் தெரியும். ஆனா மூணு நாள்ல அப்பா சிரிச்சு அப்பதான் பாக்குறேன், சொல்ல வாய் வரல.

டுக்டுக்காரன் ரெண்டு கோயில் காட்டினான். மூணாவதா ஒரு நகைக்கடை. இந்த வாரம் மட்டும் வரி கிடையாது, அரசாங்கமே நடத்துதுன்னு சொன்னாங்க. அம்மாவுக்கு ஏழரைச் சனி நடக்குது. நீலம் போடச் சொல்லி ஜோசியர் சொல்லி ரெண்டு வருஷமாச்சு, சீட்டுப் பணம் எடுத்ததும் வாங்கணும்னு இருந்தாங்க. மோதிரம் 7,500 பாட். விரல்ல போட்டு, குழல் விளக்குக்குக் கீழ இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்துட்டு என்னைக் கேட்டாங்க, "நல்ல கல்லுதானடா?"

"நல்லா இருக்கும்மா"ன்னேன்.

அந்தப் பதில்தான் என்னை விட மாட்டேங்குது. ஊருக்கு வந்து ஆசாரிகிட்ட நான் மட்டும் போய்க் காட்டினேன். மோதிரத்துல இருக்கிற வெள்ளிக்கு வேணா ஏதாச்சும் பெறும்னாரு. அரண்மனை அன்னைக்கு மூடவே இல்ல. காலை 8.30க்கே திறந்திருக்காங்க. நாங்க திரும்பி வரும்போது பாதி ஜனம் பாத்துட்டு வெளிய வந்துக்கிட்டு இருந்துச்சு.

படகுக்காரன்:

வருத்தமா இருக்கு வைகைக்கரை. ஆனா ஒண்ணு சொல்லணும். தப்பு டுக்டுக்ல தொடங்கல, டாக்ஸியில தொடங்கிருச்சு. அரண்மனைக்குத் தரைவழியா போறவங்க எல்லாரும் அந்தச் சுவரோரம்தான் இறங்கணும், அந்த ஆளுங்க நிக்கிறதும் அங்கதான். ஆத்துவழியா படகுல வந்திருந்தா ஆளுக்கு 16 பாட்.

என் கதை சின்னது. சாத்தோன் படித்துறையில மைக் வச்சு ஒரு அம்மா சுற்றுலாக்காரங்களுக்கான நீலக்கொடிப் படகுக்கு 150 பாட் நாள் சீட்டு வித்துக்கிட்டு இருந்தாங்க. வரிசை முழுக்க வெளிநாட்டுக்காரங்க, நானும் நின்னேன். எனக்கு முன்னாடி பள்ளிக்கூடச் சீருடையில ஒரு பையன் வரிசையைப் பாக்காம நேரா ஓரத்துக்குப் போனான். அவன் பின்னாடியே போனேன். ஆரஞ்சுக்கொடிப் படகு வந்துச்சு, ஏறினோம். நீளமான தகர டப்பாவைச் சலங்கை மாதிரி குலுக்கிக்கிட்டே நடத்துநர் அம்மா வந்தாங்க. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். அந்தப் பையன் தன்கிட்ட இருந்த சில்லறையை எண்ணி எனக்கு மாத்திக் கொடுத்தான். அவ்வளவுதான்.

போறவங்க குறிச்சுக்கங்க. பி.டி.எஸ் ரயில்ல சபான் தக்சின் நிலையத்துல இறங்குங்க, கீழயே சாத்தோன் படித்துறை. கொடியோட நிறத்தைப் பாத்து ஏறுங்க. அரண்மனைக்குத் தா சாங் துறை, வாட் போ கோயிலுக்குத் தா தியன் துறை. தா தியன்ல இருந்து எதிர்க்கரை வாட் அருண் கோயிலுக்குக் கடவுப் படகு 5 பாட். டிக்கெட்ல மிச்சம் பிடிக்க வழியில்ல: அரண்மனை 500, வாட் போ 300, வாட் அருண் 200. வாட் போ டிக்கெட்டோட ஒரு தண்ணி பாட்டில் குடுப்பாங்க, கேட்டு வாங்கிக்கங்க. அரைக்கால் சட்டையோட போனா உள்ள விட மாட்டாங்க, அப்புறம் வாசல்ல யானைப் படம் போட்ட பேன்ட் வாங்கணும்.

சுவர்ணபூமி விமான நிலையத்துலயும் டாக்ஸி வேண்டாம். அடித்தளத்துல ரயில் இருக்கு, ஊருக்குள்ள பயா தாய் நிலையம் வரைக்கும் 45 பாட், அரை மணி நேரம். பணம் மாத்துறதுக்கும் அங்கயே, ரயில் வாசல் பக்கம் இருக்கிற கடைகளுக்குப் போங்க. மேல சாமான் எடுக்கிற இடத்துல குடுக்கிற விலைக்கும் இதுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். எம்.ஆர்.டி சுரங்க ரயில்ல விசா, மாஸ்டர் கார்டைத் தட்டினாலே கதவு திறக்கும், சீட்டு வாங்க நிக்க வேண்டாம். பி.டி.எஸ்ஸுக்குத் தனிச் சீட்டோ, பணம் ஏத்தி வச்சுக்கிற ராபிட் கார்டோ எடுத்துக்கங்க. யாராவது ஏமாத்தினா 1155, சுற்றுலாப் போலீஸ், ஆங்கிலத்துல பேசுவாங்க. வைகைக்கரை, நீங்க அன்னைக்கே கூப்பிட்டீங்களா?

ரெண்டாவது மாடி:

படகுக்காரன் அண்ணா, கோவிச்சுக்காதீங்க. எதுக்கும் படகு, ரயில்னு சொல்றது தனியா பை மாட்டிக்கிட்டுப் போறவங்களுக்குச் சரி. குழந்தையோட போனவ நான்.

போன ஏப்ரல். எங்க பையனுக்கு 6 வயசு. உங்களை மாதிரியே ஒருத்தர் சொல்லி, சேன் சேப் கால்வாய்ப் படகுல பிரதுநாம்ல ஏறினோம். தண்ணி தெறிக்காம இருக்க ஓரத்துல உக்காந்தவங்க கயிறு இழுத்து பிளாஸ்டிக் திரையைத் தூக்கிப் பிடிச்சாங்க, பையனுக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது. கடைசித் துறை பான்பா. அங்கிருந்து அரண்மனை 2 கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எதுக்குக் காசு, நடந்துடலாம்னு சொன்னது நான். வீட்டுக்காரர் வேண்டாம்னுதான் சொன்னாரு.

ராஜதம்னோன் சாலை எவ்வளவு அகலம்னு தெரியுமில்ல? நிழலே கிடையாது. ஜனநாயக நினைவுச் சின்னம் தாண்டினதும் பையன் நடைபாதையில உக்காந்துட்டான். "அம்மா, தலைக்குள்ள சத்தம் கேக்குது"ன்னான். அப்புறம் வாந்தி. கண்ணாடிப் பெட்டி வண்டியில பழம் வெட்டி விக்கிற ஒரு அம்மா ஓடி வந்தாங்க. ஒரு வார்த்தை புரியல. அவங்க பெட்டியில இருந்த ஐஸை அள்ளித் துணியில கட்டி அவன் பிடரியில வச்சாங்க. தர்பூசணித் துண்டை அவன் வாய்க்குள்ள அவங்களே ஊட்டினாங்க. 100 பாட் நீட்டினேன், என் கையை மடக்கிவிட்டுட்டு மறுபடியும் வெட்டப் போயிட்டாங்க. நடந்ததுல எனக்கு மிச்சமானது 80 பாட் இருக்கும். அவங்க பேர்கூடக் கேக்கல நான்.

கணக்கையும் சொல்றேன். விமான நிலைய ரயில் ஆளுக்கு 45, நாலு பேருக்கு 180. பயா தாய்ல இறங்கி மூட்டையோட இன்னொரு வண்டி மாறணும். டாக்ஸி மீட்டர் 35ல தொடங்கும், விமான நிலையத்துக்குன்னு 50 கூட, மேம்பாலச் சுங்கம் நம்ம கணக்கு. எல்லாம் சேர்த்து எங்களுக்கு 400க்குள்ள ஆச்சு, விடுதி வாசல்ல இறங்கினோம். தரைத்தளத்துல இயந்திரம் சீட்டு குடுக்கும், அதுல வண்டி நிக்கிற இடத்தோட எண் இருக்கும். அந்தச் சீட்டை ஓட்டுநர்கிட்ட குடுத்துடாதீங்க, கையிலயே வச்சுக்கங்க. பெரியவங்களோ குழந்தையோ இருந்தா இதுதான் மிச்சம். வைகைக்கரை அப்பா அம்மாவோட டாக்ஸியில போனதுல எந்தத் தப்பும் இல்ல.

கைநாட்டு:

ஏ.டி.எம் பத்தி யாரும் சொல்லல. நான் போனப்ப நம்ம ஊர் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட் பிடிச்சாங்க, 2,000 எடுத்தாலும் அதேதான், 20,000 எடுத்தாலும் அதேதான். கையில நிறைய வச்சுக்கப் பயந்து மூணு தடவை எடுத்தேன், 660 போச்சு. கடைசித் தடவை திரையில ரூபாய்லயே கணக்குக் காட்டி, சம்மதமான்னு கேட்டுச்சு. ரூபாய்னு பாத்ததும் நிம்மதியா சம்மதம் அழுத்திட்டேன். அந்தக் கணக்கு அவங்க வைக்கிற விலை. வேண்டாம்னு அழுத்தினாலும் பணம் வரும், நம்ம வங்கி விலைக்கு வரும். கடையில கார்டு தேய்க்கும்போதும் பாட்லயே போடச் சொல்லுங்க.

தென்னங்கீற்று:

2025 மே 1ல இருந்து தாய்லாந்துக்குள்ள போக இணையத்துல ஒரு வருகை அட்டை நிரப்பணும். அதுக்குக் கட்டணமே இல்ல. தேடினா மேல வர்ற பக்கங்கள்ல சிலது காசு கேக்கும். நான் கட்டிட்டேன். என் மகள் சரியான பக்கத்தை எடுத்து அஞ்சு நிமிஷத்துல இலவசமா முடிச்சுக் காட்டினா. குடியேற்றத் துறையோட பக்கம்தானான்னு முகவரியைப் பாத்துட்டு நிரப்புங்க.

பினாங்குக்காரி:

நாங்க பாடாங் பெசார்ல ராத்திரி ரயில் ஏறி வந்தோம். படுக்கை வசதி உண்டு, ஒரு இரவு விடுதிக் காசு மிச்சம். மலிவா இருக்கேன்னு ஹுவாலம்போங் ஸ்டேசன் வாசல்லயே அறை போட்டிருந்தேன். ரயில் அங்கதான் நிக்கும்னு 20 வருசமா நினைப்பு. 2023லயே தூர ரயில் எல்லாத்தையும் குருங் தெப் அபிவட் ஸ்டேசனுக்கு மாத்திட்டாங்கன்னு எனக்குத் தெரியல. விமான நிலையம் மாதிரி அவ்வளவு பெருசு. வெளிய நின்ன ஓட்டுநர் 500 கேட்டார்.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, உண்மையத்தான் சொல்றேன். அம்மாவோட சக்கர நாற்காலி ஒரு கையில, பெட்டி ஒரு கையில. கல்லூரிச் சீருடையில ஒரு பொண்ணு என் போன்ல இருந்த விடுதிப் பேரைப் பார்த்துச்சு. ஒண்ணும் பேசல, பெட்டியை வாங்கிக்கிட்டு நடந்துச்சு. திருடிட்டுப் போகுதோன்னு நினைச்சுட்டேன். பின்னாலயே நாற்காலியைத் தள்ளிக்கிட்டு ஓடினேன். லிப்ட்ல கூட்டிட்டுப் போய் எம்.ஆர்.டி பாங் சூ வாசல்ல நிறுத்திட்டு, வரைபடத்துல ஹுவாலம்போங்கைத் தொட்டுக் காட்டுச்சு. வண்டியே மாற வேணாம், அதே நீலத் தடம். ரெண்டு பேருக்கும் சேர்த்து 100 பாட்கூட ஆகலை. பெட்டியை வெடுக்குனு பிடுங்கின மாதிரி வாங்கிட்டேன், அந்தப் பொண்ணு முகம் சுருங்கிடுச்சு. இன்னொரு தடவை பார்த்தா மன்னிப்புக் கேக்கணும்.

சைவச்சாப்பாடு:

எங்களை மாதிரிச் சைவக்காரங்களுக்குச் சாப்பாட்டுலதான் காசு கரையும். மஞ்சள் கொடியில சிவப்பு எழுத்து தொங்குற கடையில "ஜே"ன்னு கேளுங்க, முட்டை, மீன் சாறு எதுவும் சேராது. சாதாரணக் கடையில காய் மட்டும்னு சொன்னாலும் நாம் பிளாங்கிற மீன் சாறு விழுந்துடும். அசோக் டெர்மினல் 21ல மேல்தளத்து உணவுக்கூடம் வணிக வளாகத்துக்குள்ள இருந்தாலும் தெருக்கடை விலைதான். கார்டுல பணம் போட்டுக்கிட்டுச் சாப்பிட்டு, மிச்சத்தைத் திருப்பி வாங்கிக்கலாம்.

நான் சொல்ல வந்தது இதில்ல. சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். 1879ல நம்ம ஆளுங்க கட்டினது, தாய்க்காரங்கதான் இப்ப சாமந்தி மாலையோட அதிகம் வர்றாங்க. அங்க ஒருத்தர் சொல்லித்தான் பஹுராத்ல இருக்கிற சீக்கியர் கோயில், குருத்வாரா, தெரிஞ்சுது. காலையில லங்கர்னு இலவசச் சாப்பாடு, யாரு வேணா சாப்பிடலாம். மூணு நாள் போனேன். ரெண்டாம் நாள் கூச்சமாகி, தட்டுக்குப் பக்கத்துல 100 பாட் வச்சுட்டு எழுந்தேன். வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருத்தர் வாசல் வரைக்கும் வந்து நோட்டை என் சட்டைப் பையில வச்சாரு. "தட்டுக்கு விலை கிடையாது" அப்படின்னு இந்தியில சொன்னாரு. மூணாம் நாள் போனதும் என் கையில ரொட்டிக் கூடையைக் குடுத்துட்டாரு. 40 பேருக்குப் பரிமாறிட்டுத்தான் உக்காந்தேன். அந்த ஊர்ல நான் சாப்பிட்டதுலயே அந்தப் பருப்புதான் நாக்குல நிக்குது.

படகுக்காரன்:

சைவச்சாப்பாடு, கதை நல்லா இருக்கு. ஆனா செலவு குறைக்கிற வழின்னு லங்கரை இங்க எழுதாதீங்க. நாளைக்குப் பத்துப் பேர் டிபன் மிச்சம்னு கிளம்புவாங்க. போறவங்க தலையை மூடி, உண்டியல்ல முடிஞ்சதைப் போட்டு, பாத்திரம் கழுவிட்டு வாங்க.

ரெண்டாவது மாடி சொன்ன டாக்ஸிக் கணக்கு எனக்கும் சரியாத்தான் படுது. நாலு பேருக்கு நான் யோசிக்கல. பையன் இப்ப நல்லா இருக்கானா?

ரெண்டாவது மாடி:

நல்லா இருக்கான். தர்பூசணி பாத்தா "பாங்காக் பாட்டி"ங்கிறான்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. 1155க்கு நான் கூப்பிடல. கூப்பிட்டிருந்தா அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். கடைக்கு ஆள் கூட்டிட்டு வந்தா டுக்டுக்காரங்களுக்குப் பெட்ரோல் சீட்டு கிடைக்குமாம், அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த 20 பாட் எப்படிக் கட்டுப்படியாகும்னு அன்னைக்கு ஒரு நிமிஷம் நான் யோசிச்சிருக்கணும்.

அம்மா சனிக்கிழமை தோறும் அந்த மோதிரத்தைப் பாலில் கழுவிப் போட்டுக்கிட்டுச் சனீஸ்வரன் சன்னதிக்குப் போறாங்க. முழங்கால் வலி குறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. அப்பா அந்தத் துண்டுச் சீட்டை இன்னும் வச்சிருக்காரு. மோதிரம் 7,500ன்னு எழுதி, பக்கத்துல டிக் அடிச்சிருக்காரு.

தை மாசம் சித்தியையும் கூட்டிக்கிட்டு மறுபடி போகலாம்ங்கிறாங்க. படகுக்காரன், ஆரஞ்சுக்கொடிப் படகுல 68 வயசு அம்மாவால ஏற முடியுமா?

படகுக்காரன்:

படகு துறையில சில நொடிதான் நிக்கும், நடுவுல ஒரு எட்டு இடைவெளி இருக்கும். கயிறு போடுற பையன் கை குடுப்பான், நீங்க பின்னாடி நில்லுங்க. காலையிலயும் சாயங்காலமும் வேலைக்குப் போற கூட்டம் ஏறும், அந்த நேரம் வேண்டாம். 10 மணிக்கு மேல போங்க. அலை அதிகமா இருந்தா நீலக்கொடியிலயே ஏத்துங்க, காசு கொஞ்சம் கூட ஆனாலும் கூட்டம் குறைவு, உக்கார இடம் கிடைக்கும்.