டார்க் ரெஞ்ச் க்ளிக் ஆகவே இல்லை, உதவி தேவை

ஆயில்கை: அவசரம். கார் எஞ்சின் ஆயில் மாற்றிவிட்டு, பழைய ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டை முடுக்குகிறேன். புது டார்க் ரெஞ்ச் (நாம் வைத்த முறுக்கு அளவு வந்ததும் க்ளிக் என்று சொல்லும் ஸ்பானர்), 35 வைத்திருக்கிறேன், க்ளிக் சத்தம் வரவே இல்லை. இன்னும் முடுக்கட்டுமா? ரெஞ்ச் பழுதா?

மூன்றாம்கியர்: முடுக்காதீர்கள், கையை எடுங்கள். 35 என்றால் என்ன, நியூட்டன் மீட்டரா, பவுண்டு அடியா? ரெஞ்ச் எதிலிருந்து எதுவரை? எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் அலுமினியமா இரும்பா?

ஷெட்டுக்காரன்: லாக்கைப் பாருங்கள். அளவு வைத்தபிறகு கைப்பிடி அடியில் இருக்கும் லாக்கைப் போடாவிட்டால் பிடித்து இழுக்கும்போதே அளவு நகர்ந்துவிடும். நிச்சயம் இதுதான்.

பழையஸ்பானர்: ட்ரெயின் போல்ட்டுக்கு எதற்குத் தம்பி டார்க் ரெஞ்ச்? கை பழகியிருந்தால் மணிக்கட்டே சொல்லும். கையேட்டைப் புரட்டாமல் கருவி வாங்கினால் இப்படித்தான். இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது?

மூன்றாம்கியர்: அண்ணே, உங்கள் மணிக்கட்டு வேலை பார்த்துப் பழகியது, அவருடையது பழகவில்லை. அலுமினிய சம்ப்பில் த்ரெட் (மரை) போனால் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போடவேண்டி வரும், இல்லாவிட்டால் சம்ப்பையே மாற்றவேண்டும்.

நட்டுபோல்ட்டு: ஒன்று சொல்லுங்கள், போல்ட் இறுகிக்கொண்டே போகிறதா, இல்லை இறுக்கமே கூடாமல் சுற்றுகிறதா? செம்பு வாஷர் நசுங்கும்போது கொஞ்சம் சுற்றத்தான் செய்யும். ஆனால் இறுக்கம் கூடாமல் சுற்றினால் த்ரெட் கழன்று வருகிறது என்று அர்த்தம்.

ஆயில்கை: இறுகத்தான் செய்கிறது. லாக் போட்டிருக்கிறேன். கையேட்டில் 3.5 கிலோகிராம் விசை மீட்டர். ரெஞ்சில் 28-210 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது.

மூன்றாம்கியர்: இப்போது புரிகிறது. 3.5ஐ 9.8ஆல் பெருக்கினால் சுமார் 34 நியூட்டன் மீட்டர். உங்கள் ரெஞ்சில் இரண்டு அளவுகோல் இருக்கும். பவுண்டு அடி பக்கத்தில் 35 வைத்திருந்தால் அது 47 நியூட்டன் மீட்டர். க்ளிக் வருவதற்குள் தேவையைத் தாண்டிவிடுவீர்கள். இன்னொன்று, க்ளிக் வகை ரெஞ்ச்களுக்கு உச்ச அளவில் 20 சதவீதத்துக்குக் கீழே துல்லியத்தை நம்பக்கூடாது. 210க்கு அது 42. உங்கள் 34 அதற்கும் கீழே. அங்கே க்ளிக் காதில் விழாமல் போகலாம், கையில் லேசாக ஒரு துடிப்பு மட்டும் தெரியலாம். இந்த ரெஞ்ச் வீல் நட்டுக்குச் சரி. ட்ரெயின் போல்ட், ஸ்பார்க் ப்ளக்குக்கு எட்டில் மூன்று அங்குல ட்ரைவில் (சாக்கெட் மாட்டும் முனை) 60 நியூட்டன் மீட்டர் வரை போகிற சின்னது ஒன்று வாங்குங்கள்.

ஷெட்டுக்காரன்: த்ரெட்டில் ஆயிலும் பட்டிருக்கும். முறுக்குகிற விசையில் பெரும்பங்கு உராய்வுக்கே போகிறது. ஆயில் பட்டால் உராய்வு குறையும், அதே அளவில் போல்ட் அதிகமாக இழுபடும். முடுக்குமுன் துடையுங்கள்.

பழையஸ்பானர்: அப்படியானால் வீல் நட் ஏறுகிற ஸ்டட்டுக்கு கிரீஸ் போடக்கூடாதா? நான் எப்போதும் போடுகிறேன், ஒரு நட்டும் துருப்பிடித்து ஒட்டியதில்லை.

ஷெட்டுக்காரன்: ஒட்டாது அண்ணே, ஸ்டட் நீண்டுவிடும். கையேட்டு அளவு பெரும்பாலும் உலர்ந்த த்ரெட்டுக்கு. துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தால் போதும்.

பழையஸ்பானர்: மழைத் தண்ணீரில் ஓடுகிற வண்டிக்கு வெறும் பிரஷ் போதாது.

நட்டுபோல்ட்டு: அப்படியென்றால் சக்கரம் உட்காரும் ஹப் முகத்தில் மெல்லியதாகப் பூசுங்கள், த்ரெட்டில் வேண்டாம். சரி, அந்த நண்பர் எங்கே? போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். த்ரெட்டில் அலுமினியத் துகள் இல்லையென்றால் புது வாஷர் போட்டு முடுக்கலாம். க்ளிக் எப்படி இருக்கும் என்று தெரிய பெரிய ரெஞ்சை 80 நியூட்டன் மீட்டரில் வைத்து ஒரு வீல் நட்டில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். துடிப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள், மறுபடி இழுக்காதீர்கள். இறுகிய நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தவே வேண்டாம். வேலை முடிந்ததும் குறைந்தபட்ச அளவுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே திருகாதீர்கள்.

ஆயில்கை: பவுண்டு அடி பக்கம்தான். துகள் இல்லை. சின்ன ரெஞ்ச் இரவல் வாங்கி, புது வாஷரோடு 34ல் முடுக்கினேன், க்ளிக் தெளிவாக வந்தது. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன், கசிவு இல்லை. நன்றி.