கல்லடி (மட்டக்களப்பு) வீட்டுக் குழு உரையாடல்: பெரியப்பாவின் முத்திரைகளுக்குக் காப்புறுதி

*வெள்ளி*

பெரியப்பா: பிள்ளைகள், எல்லோருக்கும் காலை வணக்கம். வீட்டுக் காப்புறுதியை இந்த மாதம் புதுப்பிக்க வேண்டும். இந்தத் தடவை என் முத்திரை அல்பங்களையும் நாணயங்களையும் அதற்குள் கொண்டுவர விரும்புகிறேன். டித்வா சூறாவளி வந்த இரவு எல்லாவற்றையும் அலுமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு விடியும் வரை நித்திரையில்லாமல் இருந்தேன். இன்னொரு மாரியை அப்படிக் கழிக்க என்னால் முடியாது.

அம்மா: ஓம் பெரியத்தான், செய்யுங்கள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததல்லவா.

சித்தப்பா: அண்ணன், வீட்டுக்குப் பொலிசி இருக்கிறதுதானே. வீட்டுக்குள் இருக்கிற சாமானும் அதோடு வராதா?

பெரியப்பா: நேற்று பொலிசியை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன் தம்பி. வீட்டுத் தளபாடங்களும் உடைமைகளும் சேரும் என்று ஓர் இடத்தில் இருக்கிறது. இன்னும் சில பக்கம் தள்ளி, முத்திரை, நாணயம், தாள் காசு, கையெழுத்துப் பிரதி, அரும்பொருள் இவையெல்லாம் தனியாகக் குறிப்பிட்டாலொழியச் சேராது என்று இருக்கிறது. மருமகன் இதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அத்தான் (கொழும்பு): மாமா, நீங்கள் வாசித்தது சரி. உங்கள் நிறுவனம் மட்டும் போட்ட நிபந்தனை இல்லை அது. தீக்காப்புறுதிப் பொலிசிகளில் காலங்காலமாக வருகிற வாசகம். கட்டில், அலுமாரி என்றால் கடையில் விலை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முத்திரைக்கு அப்படி இல்லை. ஒரே முத்திரை நல்ல நிலையில் இருந்தால் ஒரு விலை, ஓரத்துப் பல் ஒன்று ஒடிந்திருந்தால் வேறு விலை. அதனால்தான் பொருளையும் பெறுமதியையும் முன்கூட்டியே எழுதித் தரச் சொல்கிறார்கள்.

மாமி (டொராண்டோ): இங்கேயும் அப்படித்தான் அண்ணா. வீட்டுப் பொலிசியில் நாணயம், முத்திரைக்கு ஒரு சின்ன வரம்புத் தொகைதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் பொருட்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்துக் கூடுதல் காப்பு வாங்க வேண்டும்.

நான்: அத்தான், அப்படியென்றால் பெரியப்பா என்ன கேட்க வேண்டும்? கிளைக்குப் போய் "அல்பத்தையும் சேருங்கள்" என்றால் போதுமா?

அத்தான் (கொழும்பு): போதாது தங்கச்சி. "அல்பங்கள், மொத்தம் இவ்வளவு இலட்சம்" என்று ஒரே வரியில் எழுதினால் நட்டஈடு கேட்கும் நாளில் பிரச்சினை வரும். மூன்று விஷயம் கேட்க வேண்டும். பொருட்கள் தனி அட்டவணையாகப் பொலிசியோடு இணைக்கப்படுமா? எந்தெந்த ஆபத்துக்குக் காப்பு? பெறுமதி இப்போதே ஒத்துக்கொள்ளப்படுமா, இல்லை சேதம் வந்த பிறகு சந்தை விலை பார்ப்பார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். முகவர் வாயால் சொன்னது பொலிசியில் இல்லையென்றால் பயன் இல்லை.

சித்தப்பா: இரண்டாவதைக் கொஞ்சம் விளக்குங்கள். நெருப்புக்கு என்றால் வெள்ளத்துக்கும் தானே?

அத்தான் (கொழும்பு): இல்லை சித்தப்பா. அடிப்படைத் தீக்காப்பில் வெள்ளம், சூறாவளி, சுனாமி தாமாக வந்துவிடாது. ஒவ்வொன்றும் சேர்த்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். களவு தனி. கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் இன்னொரு தனிக் காப்பு. இலங்கையில் அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் வருகிறது. கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. நெருப்புக்கு மட்டும் காப்பு வாங்கி வைத்தால் மாமாவுக்கு நித்திரை வரப்போவதில்லை.

பெரியப்பா: உண்மை. 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் பார்த்தவன் நான். படிவத்தில் முன்பு வெள்ளம் வந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். 2004 இல் வீட்டுக்குள் கடல்நீர் வந்தது. அல்பங்கள் அன்று புளியந்தீவில் என் தம்பி வீட்டில் இருந்ததால் தப்பின. அதை எழுதினால் மறுத்துவிடுவார்களோ?

அத்தான் (கொழும்பு): கட்டாயம் எழுதுங்கள் மாமா. கூடுதல் கட்டுப்பணம் (காப்புறுதிக்கு நாம் ஆண்டுதோறும் கட்டும் காசு) கேட்கலாம், அல்லது நட்டத்தில் முதல் ஒரு பங்கை நீங்கள் ஏற்க வேண்டும் என்று சொல்லலாம். அது பரவாயில்லை. மறைத்தால் பின்னால் பொலிசியே செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைக்கும். காப்புறுதி ஒப்பந்தத்தின் அடிப்படையே இரண்டு பக்கமும் உள்ளதை உள்ளபடி சொல்வதுதான்.

பெரியப்பா: சரி, எழுதுகிறேன்.

தம்பி: பெரியப்பா, மொத்தம் எவ்வளவு வரும் என்று நினைக்கிறீர்கள்?

பெரியப்பா: முத்திரை விற்கும் நிறுவனமான ஸ்டான்லி கிப்பன்ஸின் விலைப்பட்டியலை வைத்துப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன் மகன். விக்டோரியா இராணி காலத்து இலங்கை முத்திரைகள் கொஞ்சம், 1935 இல் ஐந்தாம் ஜோர்ஜ் தலையோடு வந்த படத்தொடர் (இறப்பர் பால் வெட்டுகிறது, கொழும்புத் துறைமுகம் எல்லாம் இருக்கிறதே, அது), முதல்நாள் உறைகள் (முத்திரை வெளிவந்த நாளிலேயே தபால் முத்திரை குத்திய உறைகள்), 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபா வெள்ளி நாணயம். 1857 ஏப்ரல் முதலாம் திகதி வெளிவந்த ஆறு பென்ஸ் முத்திரையில் ஒன்று இருக்கிறது, ஓரம் ஒரு பக்கம் வெட்டுப்பட்டது. 1859 இன் மங்கல் ரோஜா நிற நாலு பென்ஸ் முத்திரை மிக அரிது, படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் பெரிய பணக்காரருக்குத்தான்.

அத்தான் (கொழும்பு): மாமா, அந்தப் பட்டியல் விலையை அப்படியே போடாதீர்கள். அது நல்ல நிலையில் உள்ள முத்திரையை அந்த நிறுவனம் விற்கும் விலை. ஓரம் வெட்டுப்பட்ட ஆறு பென்ஸுக்கு அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். சந்தை விலை பார்க்கிற பொலிசியில் கூட்டிப் போட்டால் ஒவ்வோர் ஆண்டும் அதிகக் கட்டுப்பணம் கட்டுவீர்கள், நட்டஈடு மட்டும் உண்மை விலைக்குத்தான்.

சித்தப்பா: அப்போ குறைத்துப் போடலாம். கட்டுப்பணமும் குறையும்.

அத்தான் (கொழும்பு): அது இன்னும் ஆபத்து சித்தப்பா. கணக்காகச் சொல்கிறேன். பொருட்களின் உண்மைப் பெறுமதி 20 இலட்சம் என்று வைப்போம். கட்டுப்பணத்தைக் குறைக்க 10 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்கிறீர்கள். வெள்ளத்தில் 4 இலட்சம் பெறுமதியானது கெட்டுப்போகிறது. 10 இலட்சம் வரை காப்பு இருக்கிறது, 4 இலட்சமும் கிடைக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். கிடைப்பது 2 இலட்சம். பாதிக்குத்தான் காப்பு எடுத்தீர்கள், மீதிப் பாதிக்கு நீங்களே பொறுப்பு என்பது சராசரி விதி. இதை ஆட்கள் நட்டம் வந்த பிறகுதான் கேள்விப்படுகிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் மனவருத்தம். பெறுமதியை முன்பே ஒத்துக்கொண்ட பொலிசி கிடைத்தால் இந்தத் தலையிடி இல்லை. அதற்கு இரண்டு தரப்பும் ஏற்கிற மதிப்பீட்டாளரின் கடிதம் வேண்டும்.

நான்: அப்படிப்பட்டவர் மட்டக்களப்பில் கிடைப்பாரா?

பெரியப்பா: முத்திரை பார்க்கிறவர்கள் கொழும்பில்தான் மகள். முக்கியமானவற்றை மட்டும் நான் கொண்டுபோய்க் காட்டுகிறேன். மற்றவை சில்லறை, ஒரு தொகையாகப் போடலாம்.

அத்தான் (கொழும்பு): கொண்டுபோகும் வழியில் தொலைந்தால் வீட்டுப் பொலிசி தராது மாமா. பயணத்துக்கும் கண்காட்சிக்கும் காப்பு வேண்டுமென்றால் "சகல ஆபத்து" என்கிற வகையைக் கேட்க வேண்டும். அது விலை கூட. இப்போதைக்கு நல்ல படங்கள் அனுப்புங்கள், நான் இங்கே ஒருவரிடம் கேட்டு வைக்கிறேன். பிறகு அக்காவும் நானும் காரில் வந்து உங்களையும் அல்பத்தையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.

மாமி (டொராண்டோ): அண்ணா, நான் ஒரு யோசனை சொல்லவா? முக்கியமானவற்றை என்னிடம் அனுப்பிவிடுங்கள். இங்கே சுனாமியும் இல்லை, கறையானும் இல்லை. அந்த ஒல்லாந்தர் காசையும் அனுப்புங்கள்.

பெரியப்பா: ஒல்லாந்தக் கம்பனியின் செப்புக்காசை அப்படி அனுப்ப முடியாது தங்கச்சி. 1815 மார்ச் 2 க்கு முந்தியது தொல்பொருள். 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. 1988 இல் வந்த பண்பாட்டுச் சொத்துச் சட்டமும் இருக்கிறது. அதோடு, அது இந்த ஊர்க் கோட்டையை ஆண்டவர்களின் காசு. இங்கேதான் இருக்க வேண்டும்.

மாமி (டொராண்டோ): சரி அண்ணா. படங்களின் பிரதியையாவது என்னிடம் வையுங்கள்.

அத்தான் (கொழும்பு): அது மிக நல்ல யோசனை மாமி. பட்டியலும் படமும் அல்பத்தோடு அதே அலுமாரியில் இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் போகும். வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி கட்டாயம்.

சித்தப்பா: வங்கிப் பெட்டகம் எப்படி? காப்புறுதியே வேண்டாமே.

அத்தான் (கொழும்பு): களவுக்கு நல்லது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது, பெட்டக வாடகையைக் காப்புறுதி என்று எண்ணக் கூடாது. அரிய சிலவற்றை அங்கே வைத்தால் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லுங்கள், கட்டுப்பணத்தில் குறைப்புக் கிடைக்கலாம்.

பெரியப்பா: பெட்டகத்துக்குள் பூட்டிவிட்டால் நான் எப்போது பார்ப்பது? காசு போகட்டும், முத்திரை என்னோடு இருக்கட்டும்.

*சனி*

தம்பி: அத்தான், நேற்று இரவு ஓர் அல்பம் திறந்து பார்த்தோம். ஒரு பக்கத்தில் பழுப்புப் புள்ளிகள். இதற்கும் நட்டஈடு கேட்கலாமா?

அத்தான் (கொழும்பு): முடியாது தம்பி. ஈரப்பதம், பூஞ்சணம், பூச்சி, கறையான், நிறம் மங்குதல், நாளடைவில் வரும் தேய்மானம் இவற்றை அநேகமாக எல்லாப் பொலிசியும் விலக்கிவிடும். திடீரென்று நடப்பதற்குத்தான் காப்புறுதி. கல்லடி உப்புக்காற்றில் மெதுவாக நடப்பதை மாமாதான் தடுக்க வேண்டும். சிலிக்கா ஜெல் பைகள் வாங்குங்கள், அல்பங்களைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வையுங்கள், வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியை நகர்த்துங்கள். வீடு ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தால் களவுக் காப்பு நிற்கும் என்றும் பல பொலிசிகளில் இருக்கிறது. மாமா கனடாவுக்குப் போகும்போது ஞாபகம் இருக்கட்டும்.

சித்தப்பா: என்னிடம் ஒரு கிரிக்கெட் துடுப்பு இருக்கிறதே. 1996 மார்ச் 17 லாகூரில் உலகக்கிண்ணம் வென்ற அணியின் கையொப்பங்கள். அரவிந்த டி சில்வாவின் கையொப்பம் தெளிவாக இருக்கிறது. இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 107, மூன்று விக்கெட்! அதையும் அண்ணனின் பட்டியலில் போட்டுவிடலாமா?

அத்தான் (கொழும்பு): உங்கள் பொருள், உங்கள் வீட்டில் இருப்பது. மாமாவின் பொலிசியில் சேர்க்க முடியாது. பொருள் போனால் யாருக்கு நட்டமோ அவர்தான் காப்புறுதி செய்யலாம். உங்களுக்கு வேறு ஒரு கேள்வியும் வரும்: கையொப்பம் உண்மையானதா? யார், எப்போது, எங்கே வாங்கித் தந்தார் என்பதற்கு ஏதாவது இருக்கிறதா?

சித்தப்பா: தந்தவரின் கடிதம் ஒன்று இருக்கிறது. அவர் துடுப்போடு நிற்கிற படமும் இருக்கிறது.

அத்தான் (கொழும்பு): அவை இரண்டும் துடுப்பைப் போலவே பெறுமதியானவை. பிளாஸ்டிக் உறையில் போட்டு வேறு இடத்தில் வையுங்கள். அவை இல்லாவிட்டால் அது காப்புறுதிக்காரருக்கு மை பட்ட ஒரு மரத்துண்டு.

நான்: பெரியப்பா, பட்டியலை நான் கணினியில் போடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் இலக்கம், ஆண்டு, முகப்பெறுமதி, நிலை, எப்போது எங்கே வாங்கியது, என்ன விலை. முன்பக்கமும் பின்பக்கமும் படம். பற்றுச்சீட்டு இருந்தால் அதன் படமும்.

பெரியப்பா: பற்றுச்சீட்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன மகள். ஒன்றையும் எறியவில்லை. விபுலானந்த அடிகள் முத்திரை வெளிவந்தபோது தபாலகத்தில் வாங்கிய சீட்டுக்கூட இருக்கிறது.

அத்தான் (கொழும்பு): அருமை மாமா! தொடர்களைத் தொடராகவே எழுதுங்கள் தங்கச்சி. 1935 தொடரில் ஒன்று கெட்டால் முழுத்தொடரின் மதிப்பும் விழும். சில பொலிசிகள் கெட்ட ஒன்றுக்கு மட்டும்தான் தரும். "சோடியும் தொடரும்" என்கிற பிரிவு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பெரியப்பா: ஒன்று கேட்கிறேன் மருமகன். சூறாவளிக்குப் பிறகு நான் வேலை செய்த ஊரிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தின் உறை இருக்கிறது. 1978 நவம்பர் கடைசி. சேற்றுக்கறை, முத்திரையும் பாதி கழன்றுவிட்டது. எல்லோரும் உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டு எழுதியது. அதற்கு என்ன பெறுமதி போடுவது?

அத்தான் (கொழும்பு): அதற்குச் சந்தையில் விலை இல்லை மாமா. பட்டியலில் சேர்க்கலாம், ஆனால் காசு எதிர்பார்க்க முடியாது.

அம்மா: அதைத்தான் முதலில் படம் எடுக்க வேண்டும். உங்கள் அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தது எனக்குத் தெரியும்.

நான்: ஓம் அம்மா. இலக்கம் 1 அதுதான். நல்ல தரத்தில் ஸ்கான் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

மாமி (டொராண்டோ): அப்பாவின் கையெழுத்து பின்பக்கத்தில் இருக்கிறதா அண்ணா? இருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள்.

பெரியப்பா: இருக்கிறது தங்கச்சி. "கிடைத்தது" என்று எழுதித் திகதி போட்டிருக்கிறார்.

சித்தப்பா: நட்டம் வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுங்கள் மருமகன்.

அத்தான் (கொழும்பு): உடனே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். களவென்றால் பொலிஸ் முறைப்பாடு. நனைந்தவற்றை எறியாதீர்கள், நிறுவனத்தின் சார்பில் நட்டத்தை மதிப்பிடுபவர் வந்து பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்ட முத்திரைகளைப் பிய்க்கவும் வேண்டாம். நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு, பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிப்பவர்) போகலாம். இப்போது செய்ய வேண்டியது, மூன்று நிறுவனங்களிடம் விலைக்கோரல். ஒரே பட்டியலை மூன்று பேருக்கும் கொடுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும்.

பெரியப்பா: புதன்கிழமைக்குள் பட்டியல் முடிந்தால் வியாழன் நான் கிளைகளுக்குப் போய் வருகிறேன். நாளை காலை எல்லோரும் வாருங்கள். அல்பத்தைத் தொடுவதற்கு முன் கை கழுவிக் காயவைக்க வேண்டும், முத்திரைக்கு இடுக்கி மட்டும்தான்.

தம்பி: கமராவும் முக்காலியும் நான் கொண்டுவருகிறேன். வெயில் நேரடியாகப் படாத அறை வேண்டும். சித்தப்பா, துடுப்பையும் கொண்டு வாருங்கள், அதையும் எடுத்துத் தருகிறேன். கையொப்பத்தில் விரல் படாமல் பிடியுங்கள்.

சித்தப்பா: சரி மகன். ஒன்பது மணிக்கு நிற்பேன். துடுப்பைத் தந்தவரின் கடிதத்தையும் எடுத்து வருகிறேன்.