பிளாக் சப்பாத் '13': வினைல்ல கேட்டா மட்டும் நல்லா இருக்காம்!

அளவுகோல்:
"13 ஆல்பத்தைத் திட்டுறவங்க எல்லாம் சிடியில கேட்டவங்க. வினைல் இசைத்தட்டுக்குத் தனி மாஸ்டர், அதாவது தனியாத் தயார் பண்ணின கடைசி ஒலிப்பதிப்பு. டிஆர் மீட்டர்ல போட்டுப் பாருங்க, நம்பர் எகிறும்"னு பக்கத்துத் திரியில கறுப்புத்தட்டு எழுதியிருக்கார். அதுக்கு லைக் வேற குவியுது. பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழு பிளாக் சப்பாத்தோட இந்த ஆல்பம் 2013 ஜூன்ல வந்ததுல இருந்து ஓடிட்டிருக்கிற புரளி இது. மொத்த சத்தத்தைக் கூட்டறதுக்காக பலமான ஒலியை வெட்டி, சிடி நசுங்கிக் கிடக்கு, அதுல சண்டையே இல்ல. ஆனா வினைல்ல நம்பர் கூடுறதுக்குத் தனி மாஸ்டர் தேவையில்ல. டிஆர்னா டைனமிக் ரேஞ்ச், உச்ச சத்தத்துக்கும் சராசரிக்கும் இருக்கிற இடைவெளி. மீட்டர் பாட்டை மூணு மூணு வினாடித் துண்டா வெட்டுது. சத்தம் கூடின 20 சதவீதத் துண்டுகளோட சராசரியை எடுத்து, ரெண்டாவது உயரமான பீக்கோட (ஒலி தொடற உச்சியோட) ஒப்பிடுது. அவ்வளவுதான் அதோட மூளை. ஆல்பத்துல 'காட் இஸ் டெட்?' பாட்டு கிட்டத்தட்ட 9 நிமிஷம், சுமார் 180 துண்டு. சராசரிக்குப் போறது 36. தட்டுல ரெண்டு துண்டுல 'டிக்'னு பலமா ஒரு தூசி அடிச்சாப் போதும், பீக் ஏறிடும், நம்பரும் ஏறிடும். தூசிக்குப் பட்டம் கட்டிட்டு இருக்கீங்க.

கறுப்புத்தட்டு:
வந்துட்டாருய்யா வாத்தியார். மெட்டாலிக்காவோட டெத் மேக்னெட்டிக் ஆல்பத் திரியிலயும் இதே டியூஷன்தான் எடுத்தார், அங்க வாங்கினது மறந்துபோச்சு போல. கழுவின தட்டு, கிளிக் நீக்கின ரிப் (தட்டுல இருந்து கணினிக்கு எடுத்த பதிவு), அப்பவும் நம்பர் கூடத்தான் வருது. ஸ்னேர் டிரம் மூச்சு விடுது, கீஸர் பட்லரோட பேஸ் கிட்டார் தனியாத் தெரியுது. தனி மாஸ்டர் இல்லாம இது எப்படி? காது இருக்கிறவங்களுக்குக் கேக்கும்.

அளவுகோல்:
காது குத்துறதுக்கும் ஒரு அளவு வேணும். தூசியை விட்டுருவோம், நீங்களே செஞ்சு பாருங்க. சிடி ரிப்பை ஆடாசிட்டிங்கிற ஒலி எடிட்டர்ல திறங்க. முதல்ல 6 டெசிபல் குறைங்க, இல்லேன்னா சேமிக்கும்போது பீக் மேல முட்டி மறுபடி வெட்டுப்படும். அப்புறம் 30 ஹெர்ட்ஸ்ல ஹை-பாஸ் ஃபில்டர், அதுக்குக் கீழ இருக்கிற அடி ஒலியைக் குறைக்கிறது. மறுபடி மீட்டர்ல விடுங்க. நம்பர் கூடியிருக்கும். பாட்டுக்குப் புதுசா எதுவும் வந்து சேரல. அடி ஒலிகளோட ஃபேஸ் (அலைகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ற நேரம்) நகர்ந்ததால, தட்டையா வெட்டுப்பட்ட அலை மண்டைகள் சாய்ஞ்சு ஒரு முனை மேல தூக்கிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான். வினைல்லயும் இதேதான்: தட்டு வெட்டுற கட்டிங்ல அடி ஒலியை ஃபில்டர் பண்றாங்க, பேஸை மோனோ ஆக்குறாங்க, அப்புறம் ஊசி இருக்கிற கார்ட்ரிட்ஜ், அதோட சிக்னலைப் பெருக்குற ஃபோனோ ப்ரீஆம்ப். எல்லாமே ஃபேஸை நகர்த்தும்.

தனி மாஸ்டர்னு சொல்லணும்னா ரிப்போட அலைவடிவத்தைப் பெருசாக்கிப் படம் போடுங்க. ஸ்னேர் விழுற இடத்துல மண்டை கூரா இருக்கா, சாய்ஞ்ச நேர்கோடா இருக்கா? சாய்ஞ்ச கோடுன்னா ஏற்கெனவே வெட்டுப்பட்ட சரக்குதான் தட்டுலயும் ஏறியிருக்கு. படம் எங்கே?

பில்வார்டு படை:
ரெண்டு பேரும் நம்பரைக் கட்டிக்கிட்டு அழுங்க. அந்த ஆல்பத்துல இல்லாதது டிஆர் இல்ல, சப்பாத்தோட பழைய டிரம்மர் பில் வார்டு. 2012 பிப்ரவரியில மனுஷன் பகிரங்கமாவே எழுதினார், கையெழுத்துப் போடற மாதிரி ஒரு ஒப்பந்தம் கொடுங்கன்னு. வரல. தயாரிப்பாளர் ரிக் ரூபின் ஜிஞ்சர் பேக்கர் பேரையெல்லாம் சொல்லிப் பார்த்துட்டு, கடைசியில ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவுல இருந்து டிரம்மர் பிராட் வில்க்கைக் கூட்டிட்டு வந்தார். வார்டோட கை ஜாஸ் கை. அடி பீட்டுக்கு ஒரு மயிரிழை பின்னால விழும். வில்க் ஸ்கேல் வச்சுக் கோடு போடறார். சப்பாத்தோட ஆட்டமே அந்த மயிரிழையிலதான்.

பதின்மூணு வெறியன்:
உங்க அழுகைக்கு நடுவுல ஒரு செய்தி. அமெரிக்காவுல சப்பாத்தோட முதல் நம்பர் ஒன் ஆல்பம் இதுதான். பிரிட்டன்ல 1970 'பாரனாய்ட்'டுக்கு அப்புறம் இதுதான். 'காட் இஸ் டெட்?'டுக்கு 2014ல கிராமி. ஆஸி ஆஸ்பர்ன் சப்பாத்துல பாடின முந்தைய ஸ்டூடியோ ஆல்பம் 1978ல. 35 வருஷம் கழிச்சு, கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி லிம்ஃபோமா புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்துக்கிட்டே ரிஃப் எழுதியிருக்கார். இங்க தூசி எண்ணிட்டு இருக்கீங்க.

டியோ தாசன்:
கிராமி கொடுத்தவங்க ரசனை நமக்குத் தெரியாதா. 'எண்ட் ஆஃப் த பிகினிங்' முதல் ஆல்பத்தோட முதல் பாட்டை அச்சடிச்சது. 'ஸைட்கைஸ்ட்' பழைய 'பிளானட் கேரவன்', பாங்கோ உட்பட. ஆல்பத்தோட கடைசியில மழை, இடி, மணி, அதுவும் முதல் ஆல்பத்துல இருந்ததுதான். முதல் ஆல்பத்தைப் போட்டுக்காட்டி இதே மாதிரி செய்யுங்கன்னு ரூபின் சொன்னாராம், பசங்களும் பார்த்து எழுதிட்டாங்க. உண்மையான மறுவருகை 2009ல வந்த 'த டெவில் யூ நோ'. ஆஸிக்கு அப்புறம் சப்பாத்துல பாடின டியோ பாடினது, குழுவோட பேர் மட்டும் ஹெவன் அண்ட் ஹெல். வேலை முடிஞ்சது.

அளவுகோல்:
வார்டு படைக்கு ஒரு விஷயம். வார்டே வாசிச்சிருந்தாலும் இந்த சிடியில உங்க மயிரிழை பாதிதான் கேட்டிருக்கும். ஸ்னேர்ல பலமான அடிக்கு நடுவுல மெல்லிசா விழுற கோஸ்ட் நோட்டு இருக்கே, ஆட்டத்துல பாதி அதுதான். லிமிட்டர் பலமான அடியோட மண்டையைச் சீவும். சீவின இடத்துக்கு மொத்த சத்தத்தையும் ஏத்துவாங்க, மெல்லிசு அடியும் கூடவே மேல வந்துடும். ரெண்டுக்கும் இருக்கிற இடைவெளி சுருங்கினா எந்த டிரம்மரும் கோடு போடறவன் மாதிரிதான் கேப்பான். வில்க்கைத் திட்டுறதுல பாதி லிமிட்டருக்குப் போகவேண்டியது. 'டேமேஜ்ட் சோல்' கேளுங்க, அந்த ஆள் பின்னால சாய்ஞ்சுதான் வாசிக்கிறார்.

கறுப்புத்தட்டு, படம் எங்கே?

பில்வார்டு படை:
ஆட்டம் நேரத்துல இருக்கு, சத்தத்துல இல்ல. லிமிட்டர் அடியை முன்னால பின்னால நகர்த்துமா? 1969 அக்டோபர்ல ஒரே நாள்ல பதிவு பண்ணின முதல் ஆல்பத்தை எந்த ஓட்டை ரேடியோவுல போட்டாலும் வார்டு ஆடறது கேக்கும். 2025 ஜூலை 5, வில்லா பார்க் மைதானத்துல நடந்த சப்பாத் கச்சேரியைக் கேளுங்க. அன்னிக்கு டிரம்ஸ்ல யார் உக்காந்தது? வில்க்கா?

கறுப்புத்தட்டு:
வாத்தியாருக்குக் கணக்கு வருமாம். ஆல்பம் சுமார் 53 நிமிஷம், ரெண்டு தட்டு, நாலு பக்கம். பக்கத்துக்கு 13 நிமிஷம் சொச்சம். 33 ஆர்பிஎம்ல 20 நிமிஷம்கூடத் தாங்கும். அவ்வளவு இடம் விட்டு வெட்டினது எதுக்கு? நசுக்காம வெட்டத்தான். சிம்பிள்.

அளவுகோல்:
இடம் நிறைய இருந்தா சத்தமா வெட்டலாம், அதுவும் உண்மைதானே? சத்தமா வெட்டினா தட்டோட இரைச்சல் அமுங்கும், பேஸ் தாராளமா வரும். மாஸ்டர் எதுன்னு அதை வச்சுச் சொல்ல முடியாது. நசுக்கின மாஸ்டரையும் 13 நிமிஷப் பக்கத்துல வெட்டலாம்.

தனிப் பதிப்புன்னா எப்படி இருக்கும்னு தெரியணுமா? நீங்க இழுத்த டெத் மேக்னெட்டிக்கையே பாருங்க, 2008. கிட்டார் ஹீரோ விளையாட்டுல வந்த பதிப்புல டிரம்ஸ் முள்ளு முள்ளா நிக்கும், சிடியில செங்கல் சுவர். யாரும் மீட்டர் தூக்கிட்டு வரவேண்டியதில்ல, படத்தைப் பார்த்தாலே தெரியும். அதை மாஸ்டர் பண்ணின டெட் ஜென்சன், மிக்ஸ் தன்கிட்ட வரும்போதே நசுங்கித்தான் வந்ததுன்னு சொன்னார். அதுக்கும் தயாரிப்பாளர் ரூபின்தான். மிக்ஸிலேயே நசுங்கினதை வினைல் கட்டர் என்ன மந்திரம் போட்டு நிமிர்த்துவார்? படம் எங்கே?

புது உறுப்பினர் 77:
மன்னிக்கணும், டிஆர்னா என்ன? அதிகமா இருந்தா நல்லதா?

கறுப்புத்தட்டு:
மேல படிச்சுட்டு வாங்க தம்பி.

பதின்மூணு வெறியன்:
யாராவது பாட்டைக் கேட்டீங்களா?

அளவுகோல்:
கேட்டுட்டுத்தான் பேசறேன். வினைல் மூச்சு விடுதுன்னு சொல்றவங்க ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து கேட்டாங்களா? சத்தத்தை அளக்கிற ரீப்ளேகெய்ன்ல ஸ்கேன் பண்ணி சமப்படுத்துங்க, எது எதுன்னு தெரியாம மாத்தி மாத்தி ஓட்டுங்க. ஒரு டெசிபல் வித்தியாசம் இருந்தாலே காது சத்தமானதுக்கு ஓட்டுப் போட்டுடும். வால்யூம் குமிழைக் கையால திருப்பி சமப்படுத்தறது கணக்குல சேராது.

மட்டுறுத்துநர்:
தனிநபர் தாக்குதல் வேண்டாம். தலைப்பு ஆல்பத்தைப் பற்றியது.

கறுப்புத்தட்டு:
படம் போடவேண்டிய அவசியம் எனக்கில்ல. ஸ்கிரீன்ல பாட்டு பாக்கிறவங்க பாருங்க, எங்களுக்கு ஸ்பீக்கர் இருக்கு. நம்பர் கூட வருது, தனி மாஸ்டர்தான்.

டியோ தாசன்:
'த டெவில் யூ நோ'வை எதுல போட்டாலும் நல்லாத்தான் இருக்கும். வின்னி அப்பீஸ் டிரம்ஸ். ஒப்பந்தம் கேட்டு அழாம வாசிச்ச மனுஷன்.

பில்வார்டு படை:
1980 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பத்துல டிரம்ஸ் யாருன்னு உங்க டியோ அட்டையைத் திருப்பிப் பாருங்க.

டியோ தாசன்:
அந்த டூர்ல பாதியில கிளம்பிப் போனது யாருன்னும் அப்படியே பாருங்க.

பில்வார்டு படை:
இதுக்குத் தனித் திரி போடறேன். அங்க வாங்க.

அளவுகோல்:
போறவங்க போங்க. கறுப்புத்தட்டு மட்டும் இருங்க, படம் இன்னும் வரல.