4294967297 பகா எண்ணா? நிரல் ஆம் என்கிறது, அவசரம்

இரண்டாமாண்டு:
4294967297 பகா எண் என்று என் நிரல் விடை தருகிறது. பாடநூலிலோ 641-ஆல் வகுபடும் என்று போட்டிருக்கிறது. மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். நாளை காலை ஒப்படைக்க வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

நிரல்நேசன்:
எந்த மொழி? நிரலைப் போடாமல் பிழையை எங்கே தேடுவது?

கொள்ளளவு:
நிரலைப் பார்க்கவே தேவையில்லை. இது 2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்று கூட்டிய எண். முழு எண்ணுக்கு 32 பிட் இடம் மட்டும் ஒதுக்கியிருந்தால் அதில் கொள்ளாமல் வழிந்துபோய் 1 மட்டும் மிஞ்சியிருக்கும். 64 பிட்டுக்கு மாற்றுங்கள்.

நிரல்நேசன்:
1 மிஞ்சினால் பகா எண் என்று ஏன் சொல்கிறது?

கொள்ளளவு:
1-ஐத் தனியாக விலக்காவிட்டால் அப்படித்தான் சொல்லும். வகுத்துப் பார்க்கும் சுற்று ஒருமுறைகூட ஓடாது.

வடமராட்சி:
தம்பி, வகுத்துப் பார்க்கிறீர்களா, வேறு சோதனையா? முதன்மை எண் சோதனைகள் பல வகை.

கணக்காசிரியர்:
முதன்மை எண் அல்ல, பகா எண். பகுபடாதது என்ற பொருள் பெயரிலேயே இருக்கிறது.

வடமராட்சி:
இலங்கைப் பாடநூல்களில் முதன்மை எண் என்றுதான் படித்தோம், ஐயா. மற்ற எண்களெல்லாம் இவற்றைப் பெருக்கித்தானே வருகின்றன? அந்தப் பெயருக்கும் பொருள் இருக்கிறது.

கணக்காசிரியர்:
இருக்கலாம். பகா என்ற இரண்டெழுத்தின் தெளிவு அதில் இல்லை.

நிரல்நேசன்:
சொல் வழக்கைத் தனி இழையில் பேசுங்கள். கேட்டவர் எங்கே?

இரண்டாமாண்டு:
பைத்தான். 2-ஐ, எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தேன். மீதி 1.

மீதி_ஒன்று:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் இத்தனை பேர் நேரம் வீணாகியிருக்காது. பைத்தானில் முழு எண் வழியாது. நீங்கள் கணித அறிஞர் ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தைத் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள். பகா எண் என்றால் மீதி 1 வரும். மீதி 1 வந்ததாலேயே பகா எண் ஆகிவிடாது.

இங்கே 2-இன் 32-ஆம் அடுக்கு உங்கள் எண்ணைவிட ஒன்று குறைவு, அதாவது மீதி −1. அதை வர்க்கப்படுத்தினால், 64-ஆம் அடுக்கின் மீதி 1. நீங்கள் உயர்த்திய அடுக்கு 4294967296. அது 64-ஆல் வகுபடும். ஆக, 1 வந்தே தீரும். 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி ஒன்று கூட்டினால் வருவது ஃபெர்மா எண். எந்த ஃபெர்மா எண்ணும் இந்தச் சோதனையில் தேறிவிடும். 2-க்குப் பதில் 3 வையுங்கள். மீதி 3029026160 வரும், 1 அல்ல; ஆகவே பகா எண் இல்லை. அடிப்படையைப் படித்த பிறகு நிரலைத் தொடுங்கள்.

கணக்காசிரியர்:
விளக்கம் அருமை, கடிந்தது வேண்டாம். ஃபெர்மாவே இதைப் பகா எண் என்றுதான் 1640-இல் நம்பினார். இந்த வரிசையில் முன்னால் உள்ள 3, 5, 17, 257, 65537 வரை சரியாக வந்ததே! நிறுவல் கைவசம் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். 1732-இல் கணித அறிஞர் ஆய்லர் 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். காரணி இருந்தால் 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய வடிவில்தான் இருக்கும் என்று பின்னர் நிறுவினார். அந்த வடிவப் பகா எண்களை வரிசையாக எடுத்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவது வகுத்தலில் கிடைத்துவிடுகிறது. கையாலேயே செய்து பாருங்கள், அந்த இன்பம் நிரலில் கிடைக்காது.

கொள்ளளவு:
எதற்கும் 64 பிட்டிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாமாண்டு:
3 வைத்ததும் பகு எண் என்று வந்துவிட்டது. ஒப்படைத்துவிட்டேன். நன்றி.